முதலில் சீட்டு, அப்புறம் அட்டை: வேலூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி வழிகாட்டி

நாங்கள் கோலார் தங்கவயலை விட்டு வேலூருக்குக் குடிவந்தது ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் விடியற்காலையிலேயே அம்மா பாத்ரூம் வாசலில் மயங்கி உட்கார்ந்துவிட்டார். பங்காருப்பேட்டையில் ரயில் ஏற்றிய மூட்டைகளில் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. மாத்திரை எந்த மூட்டைக்குள் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு வேலை இல்லை, ஊரில் தெரிந்த முகமும் இல்லை. தெருமுனையில் நின்ற ஆட்டோக்காரரிடம் "ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணா" என்றேன். அவர் ஒரு தனியார் மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டார். சர்க்கரை இறங்கியிருந்தது, அவ்வளவுதான். ஒரு பாட்டில் குளுக்கோஸ், நாலு ரத்தப் பரிசோதனை, ஒரு ஸ்கேன், அரைநாள் படுக்கை. பில் 6,400 ரூபாய். வீட்டு அட்வான்ஸில் பாக்கி தர வைத்திருந்த பணம் அது. ஸ்கேன் எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அதே குளுக்கோஸைக் காசு வாங்காமல் ஏற்றும் அரசு மருத்துவமனை நகரத்துக்கு நடுவிலேயே இருக்கிறது என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. என்னைப் போல வேலையில்லாமல், வெளியூர் அட்டைகளோடு வந்து இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தங்கவயல்காரர்கள், பெங்களூரிலிருந்து திரும்பியவர்கள், சித்தூர் பக்கத்துத் தமிழர்கள், முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்கள், யாராக இருந்தாலும் சரி. 2019இல் வேலூரிலிருந்து பிரிந்த ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலும் முறை கிட்டத்தட்ட இதேதான்.

அட்டைக்காகக் காத்திருக்காதீர்கள்

புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு இது. ரேஷன் கார்டு மாறட்டும், ஆதாரில் விலாசம் மாறட்டும், காப்பீட்டு அட்டை வரட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று உட்கார்ந்துவிடுவது. அம்மாவும் அதைத்தான் சொன்னார். "நம்மது கர்நாடகா கார்டாச்சே, இங்கே பார்ப்பாங்களா?"

பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் புறநோயாளியாகப் போய் டாக்டரைப் பார்க்க ரேஷன் கார்டும் வேண்டாம், வருமானச் சான்றும் வேண்டாம். வேலை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. பெயர், வயது, ஊர், போன் நம்பர் சொன்னால் ஓ.பி. சீட்டு தருவார்கள். ஆதார் கேட்பதுண்டு, இருந்தால் கொடுங்கள், அடுத்த முறை உங்கள் பதிவைத் தேடி எடுக்க வசதி. கையில் இல்லை என்றால் "கொண்டு வரலீங்க" என்று சொல்லுங்கள், அதற்காகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

அட்டைகள் தேவைப்படுவது பெரிய அறுவை சிகிச்சை, தனியார் மருத்துவமனையில் காப்பீடு, மகப்பேறு உதவித்தொகை மாதிரியான விஷயங்களுக்கு. அதைப் பின்னால் சொல்கிறேன். காய்ச்சல், சுகர், பிரஷர், நாய்க்கடி, இருமல் இதற்கெல்லாம் சீட்டு போதும்.

முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது

உடம்பு நன்றாக இருக்கும்போதே உங்கள் பகுதிக்கான சுகாதார நிலையம் எது என்று கண்டுபிடித்து வையுங்கள். கிராமமாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையம். மாநகராட்சிக்குள் என்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமோ நகர்ப்புற நலவாழ்வு மையமோ இருக்கும். கூகுளில் தேடுவதை விட அங்கன்வாடி டீச்சரிடமோ ரேஷன் கடையிலோ கேட்பது மேல். எனக்கு வழி காட்டியவர் கொணவட்டத்தில் எங்கள் வீட்டு எதிரே இட்லி விற்கும் அக்கா. "சக்கர மாத்திரை தானே? நான் மாசாமாசம் அங்கதான் வாங்கறேன், நாளைக்குக் கூட வா" என்று அவரே அம்மாவை அழைத்துப் போனார்.

நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12 வரையும், மாலை 4 முதல் 8 வரையும் இயங்கும். வேலை தேடி அலைகிறவர்களுக்கு அந்த மாலை நேரம் பெரிய வரம். பகலில் ஒரு கம்பெனி வாசலில் நின்றுவிட்டு, ஆறு மணிக்கு மேல் போய்ச் சளிக்கு மருந்து வாங்கியிருக்கிறேன்.

அங்கே சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கென்று தனியாக ஒரு நர்ஸ் இருப்பார். முதல் நாள் உயரம், எடை, பிரஷர், சுகர் எல்லாம் பார்த்து ஒரு அட்டையில் எழுதித் தருவார்கள். அதற்கப்புறம் மாதம் ஒருமுறை மாத்திரை. அந்த முதல் நாளில் எங்களுக்கு நடந்த கூத்தைச் சொன்னால் உங்களுக்கு உபயோகப்படும்.

அம்மா மாத்திரைகளைப் பட்டையிலிருந்து உரித்து, ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் மொத்தமாகப் போட்டு வைப்பார். பெரிய வெள்ளை, சின்ன வெள்ளை, அரையாக உடைத்த ஒன்று. நர்ஸ் கேட்டார்: "என்ன மாத்திரைம்மா சாப்பிடறீங்க?" அம்மா பாட்டிலைத் திறந்து நீட்டினார். நர்ஸ் மூக்கைச் சுருக்கினார், உள்ளே இன்னும் எலுமிச்சை வாசனை. "பெரிசு சுகருக்கு, சின்னது பிரஷருக்கு," என்றார் அம்மா. "எத்தனை எம்ஜி?" அம்மா என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். கடைசியில் டாக்டர் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கி, வெறும் வயிற்றில் ஒருமுறை, சாப்பிட்டு ஒருமுறை ரத்தம் எடுக்கச் சொல்லி, அளவைத் தீர்மானிக்க இரண்டு வாரம் ஆனது. ஒரு துண்டுப் பட்டை கையில் இருந்திருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

அதனால் ஊரைவிட்டுக் கிளம்பும்போதே பழைய மருந்துச் சீட்டு, காலிப் பட்டை, கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, மூட்டையில் வைக்காமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே பதினைந்து நாள் மாத்திரை. வந்தபிறகுதான் படிக்கிறீர்கள் என்றால், பழைய ஊர் மருந்துக்கடைக்குப் போன் போட்டு மாத்திரைப் பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மறுக்க மாட்டார்கள்.

நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அதையும் அந்த நர்ஸிடம் சொல்லி வையுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுப்பார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் உண்டு. உங்கள் வீடு அவர்கள் பட்டியலில் ஏறினால்தான் வருவார்கள், புதுக்குடித்தனம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பெரிய ஆஸ்பத்திரி என்றால்

வேலூர் என்றதும் வெளியூர்க்காரர் மனதில் வருவது சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஐடா ஸ்கடர் 1900இல் தொடங்கி வைத்தது, நல்ல பெயர், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயில் ரயிலாக வருகிறார்கள், அதைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் பலகைகூட வங்காளியில் இருக்கும். ஆனால் அது அரசு மருத்துவமனை கிடையாது. நிறைய பேர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். லாப நோக்கமில்லாத மிஷன் மருத்துவமனைதான், ஏழைகளுக்குச் சலுகையும் உண்டு; பாகாயத்தில் 'சாட்' என்று அவர்களுடைய சமூக நல மருத்துவமனையும், நகரத்து ஏழைகளுக்கென்று குறைந்த செலவுப் பிரிவு ஒன்றும் இருக்கின்றன. இருந்தாலும் முதல் படியாக அங்கே போய் நிற்காதீர்கள். கையில் காசில்லாதவனுக்கு முதல் படி அரசு மருத்துவமனைதான்.

வேலூரில் அது இரண்டு இடத்தில். ஒன்று நகருக்குள்ளேயே இருக்கும் அரசு பென்ட்லன்ட் மருத்துவமனை. ஊர்க்காரர்கள் 'பெட்லண்ட்' என்பார்கள், அப்படிக் கேட்டால்தான் வழி சொல்வார்கள். இன்னொன்று அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. திருவண்ணாமலை போகும் சாலையில், பாகாயம் தாண்டி. கல்லூரி 2005இல் வந்தது. எல்லாத் துறையும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் அடுக்கம்பாறை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அம்மாவோடு போனால் எனக்கு மட்டும்தான் செலவு. தாலுக்கா பக்கம் இருப்பவர்களுக்குக் குடியாத்தம் அரசு மருத்துவமனை பக்கம், ராணிப்பேட்டைப் பக்கத்தவர்களுக்கு வாலாஜாப்பேட்டை.

அடுக்கம்பாறைக்கு முதல் தடவை போகிறவர்கள் காலை ஏழரைக்கு அங்கே இருக்கும்படி கிளம்புங்கள். பன்னிரண்டு மணிக்கு ஓ.பி. முடிந்துவிடும். முதலில் வரிசையில் நின்று சீட்டு. என்ன தொந்தரவு என்று அங்கே சுருக்கமாகச் சொன்னால் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று எழுதித் தருவார்கள். டாக்டர் பார்த்து ரத்தம், எக்ஸ்ரே எழுதினால் அதற்கு ஒரு வரிசை. முடிவு வந்ததும் திரும்ப அதே டாக்டர். கடைசியில் மருந்து வாங்கும் வரிசை. ஆக நாலு வரிசை. இரண்டு பேராகப் போனால் ஒருவர் நிற்க, ஒருவர் நோயாளியை உட்கார வைக்கலாம். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள் பகுதி சுகாதார நிலையத்து டாக்டர் எழுதிக்கொடுத்த கடிதம் இருந்தால் வேலை சுலபம். கடிதம் இல்லாமல் நேராகவும் போகலாம், ஆனால் கடிதத்தில் ஏற்கெனவே பார்த்த சுகர், பிரஷர் எல்லாம் இருக்கும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். எலும்பு, கண், தோல் போன்ற பிரிவுகளில் டாக்டர்கள் குழுவாக மாறிமாறி வருவார்கள், இன்றைக்குப் பார்த்தவரே அடுத்த வாரம் வேண்டும் என்றால் "உங்கள் யூனிட் நாள் எது சார்?" என்று கிளம்பும் முன் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதைக் கேட்காமல் நான் இரண்டு தடவை வீணாகப் போய் வந்தேன்.

அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதுதான் உங்கள் சரித்திரம்.

படுக்கை போட்டால் என்ன ஆகும்

அரசு மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்த்தால் படுக்கை, மருந்து, சாப்பாடு இலவசம். கூட இருப்பவருக்கு அந்தச் சாப்பாடு கிடையாது. போர்வை, டம்ளர், தட்டு, சோப்பு, ஒரு பாய், போன் சார்ஜர் கொண்டு போங்கள். பெண்கள் வார்டில் இரவு துணைக்கு ஆண்களை விடமாட்டார்கள். அம்மாவைச் சேர்த்தபோது நான் வராந்தாவில் படுத்துக்கொண்டேன், என் மனைவி உள்ளே.

காசு கேட்பார்களா என்றால், டாக்டரும் நர்ஸும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு தடவை ஒரு மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் எக்ஸ்ரே அறை வாசலில் நிறுத்தி "டீ செலவுக்கு நூறு" என்றார். கொடுத்தேன். அது நான் செய்த தப்பு. அடுத்த வாரம் அதே ஆள் பக்கத்துப் படுக்கைப் பாட்டியிடம் கேட்டபோது, பாட்டி குரலை உயர்த்தி "எந்தக் கவுண்டர்ல கட்டணும்பா, ரசீது குடுப்பியா?" என்றார். ஆள் போயே போய்விட்டார். அந்தக் கேள்வியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். புகார் சொல்ல வேண்டுமென்றால் வார்டு நர்ஸ், அப்புறம் ஆர்.எம்.ஓ. என்கிற நிலைய மருத்துவ அலுவலர். 104 என்கிற அரசு சுகாதார உதவி எண்ணுக்குப் போன் செய்தும் சொல்லலாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்குங்கள். அதில் அடுத்து எந்தத் தேதி வர வேண்டும் என்று இருக்கும்.

ஓடவேண்டிய நேரத்தில்

108. போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும், காசில்லை. புது ஊரில் இருக்கும் ஒரே சிக்கல், எங்கே இருக்கிறோம் என்று சொல்லத் தெரியாதது. எங்கள் வீட்டுக் கதவின் பின்னால் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன்: தெருப்பெயர், பக்கத்துக் கோயில், ரேஷன் கடை எண். பதற்றத்தில் சொந்தப் பெயரே மறந்து போகும், தெருப்பெயர் எங்கே நினைவு வரும்? எந்த மருத்துவமனை என்று கேட்டால் "கவர்மெண்ட்" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

சென்னை பெங்களூரு நெடுஞ்சாலை ஊரை ஒட்டிப் போவதால் இதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும்கூட. 2021 டிசம்பரில் வந்தது. காப்பீட்டு அட்டை தேவையில்லை. வேறு மாநிலத்தவர், வெளிநாட்டவர் யாரானாலும் பொருந்தும். அட்வான்ஸ் கட்டச் சொன்னால் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

நாய் கடித்தால் மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். மீதி ஊசிகளின் தேதியை விட்டுவிடாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் சளிப் பரிசோதனை கேளுங்கள். காசநோய் என்று வந்தால் மருந்து முழுக்க இலவசம், சிகிச்சை முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் சத்துணவுக்காக வங்கிக் கணக்குக்கு வரும். தோல் பதனிடும் இடங்களிலும் சுரங்கத்திலும் வேலை பார்த்தவர்கள் இருமலைப் பழகிப்போய் விட்டுவிடுகிறார்கள். என் அப்பாவும் அப்படித்தான் விட்டார்.

இப்போது அட்டைகள்

வேலை தேடும் நாட்களில் இதற்கு நேரம் இருக்கும், பயன்படுத்திக்கொள்ளுங்கள். குறி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை, அரசு மருத்துவமனையிலும் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும்.

வரிசை இப்படி. முதலில் பழைய மாநிலத்து ரேஷன் கார்டில் பெயர் நீக்கி அதற்குச் சான்று வாங்க வேண்டும். நாங்கள் இதற்காகவே ஒருநாள் தங்கவயலுக்குத் திரும்பிப் போனோம். வரும்போதே முடித்திருந்தால் ரயில் செலவு மிச்சம். அதை வைத்து இ-சேவை மையத்தில் புது ஸ்மார்ட் கார்டுக்கு, அதாவது இந்த ஊர் ரேஷன் கார்டுக்கு, மனு. வாடகை வீடு என்றால் ஒப்பந்தப் பத்திரம், கேஸ் ரசீது கேட்பார்கள். தனிச் சமையல் இருக்கிறதா என்று வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். அடுத்து வருமானச் சான்று, அதுவும் இ-சேவையில், கட்டணம் 60 ரூபாய். வி.ஏ.ஓ. என்கிற கிராம நிர்வாக அலுவலர் கூப்பிட்டு விசாரிப்பார். வேலை இல்லை, ஆகவே வருமானம் பூஜ்யம் என்று எழுதாதீர்கள். அப்புறம் எப்படி வாடகை கொடுக்கிறாய் என்று கேட்பார். என் மனைவி வீட்டில் பீடி சுற்றிக் கொண்டுவரும் காசை உள்ளது உள்ளபடி சொன்னேன், முடிந்தது.

ரேஷன் கார்டு, வருமானச் சான்று, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு சத்துவாச்சாரியில் உள்ள கலெக்டர் ஆபீசுக்குப் போனால், காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்தில் போட்டோவும் கைரேகையும் எடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் கிளம்பும் முன் 1800 425 3993க்குக் கேளுங்கள், இலவச எண்.

வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்கள் இங்கே ஆறு மாதத்துக்கு மேல் வசிப்பதாக உரிய அதிகாரியின் சான்று காட்டினால் சேர்க்க விதி உண்டு. மேல்மொணவூர் போன்ற மறுவாழ்வு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்தத் திட்டத்தில் வருமான வரம்பே கிடையாது. முகாம் அடையாள அட்டையோடு போங்கள்.

அதுவரை ஏதாவது பெரிதாக வந்துவிட்டால்? அடுக்கம்பாறையில் சேர்ந்துவிடுங்கள். காப்பீட்டு அட்டை இல்லை என்பதற்காக அரசு மருத்துவமனையில் சிகிச்சை நிற்காது.

இன்னொன்று. ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ பெங்களூரிலோ ஒரு கம்பெனியில் இருந்து வேலை போனவராக இருந்து, சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடித்திருந்தால், அந்த அட்டையைக் கிழித்துப் போடாதீர்கள். பணம் கட்டிய அரையாண்டுக்கான பலன் சில மாதம் தள்ளித்தான் கணக்காகும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கு. எண்ணைக் கொடுத்து இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் விசாரியுங்கள்.

கர்ப்பிணிகளும் குழந்தைகளும்

கர்ப்பம் என்று தெரிந்ததும் பகுதி சுகாதார செவிலியரிடம் பதிய வேண்டும். அவர் தரும் ஆர்.சி.எச். எண் என்கிற கர்ப்பப் பதிவு எண் இல்லாமல் பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய நேரும். வேறு ஊரில் ஏற்கெனவே பதிந்திருந்தால் அந்த எண்ணைச் சொல்லுங்கள், புதிதாக இன்னொன்று போடக் கூடாது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்கும் பெண்களுக்கும் இது பொருந்தும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் முதல் இரண்டு பிரசவத்துக்கு, சத்துணவுப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பு, தவணையாக வரும். தாயின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்க வேண்டும்.

குழந்தைகளுக்குப் புதன்கிழமை தடுப்பூசி நாள். பழைய ஊர் தடுப்பூசி அட்டை கன்னடத்தில் இருந்தாலும் பரவாயில்லை, ஊசிப் பெயரும் தேதியும் தெரிந்தால் போதும்.

மனசு சரியில்லை என்றால்

இதை எழுதத் தயங்கினேன். வேலை இல்லாத ஐந்தாவது மாதத்தில் எனக்குத் தூக்கம் போனது, ரோட்டில் லாரியைப் பார்த்தால் கெட்ட நினைப்பு வந்தது. மனைவி சொல்லித்தான் 14416 என்கிற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். தமிழிலேயே பேசினார்கள், பெயர்கூடக் கேட்டு வற்புறுத்தவில்லை. எந்நேரமும் எடுப்பார்கள். அப்புறம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் அதே ஓ.பி. சீட்டு, அதே வரிசை. பக்கத்தில் நின்றவர் மளிகைக்கடைக்காரர், எங்கள் தெருக்காரர். இரண்டு பேரும் பார்த்துச் சிரித்துக்கொண்டோம், ஒன்றும் பேசவில்லை.

இப்போது எனக்கு வேலை கிடைத்துவிட்டது. அம்மா இன்னும் மாதாமாதம் இட்லிக்கார அக்காவோடு மாத்திரைக்குப் போகிறார். ஊறுகாய் பாட்டிலில் மறுபடி ஊறுகாய்தான் இருக்கிறது. மாத்திரை பட்டையோடு, தேதி எழுதிய அட்டையோடு, ஒரு மஞ்சப்பையில் சாமிப்படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. அடுத்த தேதி பதினாலு.